சுருட்டுக் கயிறு எங்கே இறுகுகிறது?

சோளகம் பெயர்ந்துவிட்டால் வடக்குத் தீவுப்பகுதியின் சாட்டிக் கடற்கரையில் உரத்துத்தான் பேசவேண்டும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று, பனையோலைகளை ஒரே பக்கமாக வாரிவிட்டபடி நாள் முழுதும் அடிக்கும். இந்தக் கரையில் கோயில் கொண்டிருக்கும் மாதாவின் பெயர் சிந்தாத்திரை மாதா. கடல் யாத்திரையைக் காப்பவள். பாயேற்றிக் கடலுக்குப் போனவர்கள் அவளிடம் என்ன வேண்டியிருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. காற்று தா என்று கேட்டிருப்பார்கள். அதைவிட அதிகமாக, காற்று மிஞ்சும்போது பாய் கைக்கு அடங்கவேண்டும் என்றே கேட்டிருப்பார்கள்.

காற்றின் அழுத்தம் அதன் வேகத்தோடு நேராக ஏறுவதில்லை; வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. 10 நொட் காற்று 20 நொட் ஆனால் பாயின் மேல் விழும் விசை நான்கு மடங்கு. 20 சதுர மீற்றர் பாய் ஒன்றை 20 நொட் காற்று ஏறக்குறைய 130 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 30 நொட்டில் அது 290 கிலோவைத் தொடும். ஒரு மணி நேரத்துக்குள் இந்த மாற்றம் நடந்துவிடலாம். எனவே பாய்ப் படகு எதுவாயினும், பாயின் பரப்பைக் கடலில் வைத்தே குறைக்க ஒரு வழி வேண்டும். இன்றைய பாய்ப் படகுகள் பலவற்றில் அந்த வேலையைச் செய்வது ஒரு கயிறு. சுக்கானருகே இருந்தபடி அதை இழுத்தால் பெரிய பாய் தானாகச் சுருண்டுகொள்ளும் என்பது ஏற்பாடு. சுருளாமல் பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது, ஏன் நிற்கிறது என்பதுதான் இங்கே கேள்வி.

எங்கள் கடலுக்கு இந்தக் கேள்வி புதிது. பாயைச் சுருக்கும் தேவை மட்டும் மிகப் பழையது. புறநானூற்றின் 30ஆம் பாடல், மேற்பாயைக்கூடக் களையாமல் ஆற்று முகத்துக்குள் நுழையும் பெருங்கலத்தைக் காட்டிச் சோழனின் துறையைப் புகழ்கிறது. துறைக்குள் நுழையுமுன் பாயைக் களைவதே வழமை என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தப் புகழ்ச்சி புரியும். மதுரைக்காஞ்சியோ புயலில் கயிறறுந்து, பாய் கிழிந்து, மரம் முறியும் கலத்தை உவமையாக்குகிறது. கயிறும் பாயும் மரமும் ஒன்றாகப் பேசப்படுவதைக் கவனியுங்கள். கோளாறு எந்த ஒன்றிலும் தனியாக நிற்பதில்லை.

பாக்கு நீரிணையின் படகுகள் சுருக்கும் வேலையை எளிமையாகவே செய்தன. பாயைத் தாங்கும் குறுக்குமரத்துக்குப் பருமல் என்று பெயர். அதைத் தூக்கும் கயிறு ஆஞ்சான். பாயின் மூலையைப் பிடித்து இழுக்கும் கயிறு தாமான். காற்று மிஞ்சினால் ஆஞ்சானை இளக்கிப் பருமலையே இறக்கிவிடுவார்கள். பாயைத் திரட்டிக் கட்டுவார்கள். தேவையானால் சிறிய பாயை ஏற்றுவார்கள். எதிர்க்கரையின் வத்தை என்னும் படகுகளுக்கு மூன்று பாய்மரங்கள் இருந்தன. ஒரு மரத்தின் பாயை இறக்கினாலே பரப்பு குறைந்துவிடும். அதோடு, படகின் குறுக்கே நீட்டிய பலகையில் ஆட்கள் ஏறி உட்கார்ந்து சாய்வைச் சமன்செய்தார்கள். ஜேம்ஸ் ஹோர்னெல் 1920இல் இந்தியப் படகு வடிவங்கள் பற்றி எழுதியபோது இந்தப் பலகையைக் கவனித்து எழுதினார். 2003இல் ஷோன் மக்கிரெயிலும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட தெற்காசியப் படகுகள் பற்றிய நூலிலும் வத்தைக்குத் தனி இடம் உண்டு. இந்த ஏற்பாட்டில் இறுகிக்கொள்ளக்கூடிய இடம் அநேகமாக ஒன்றே ஒன்று: மரத்தின் உச்சியில் ஆஞ்சான் ஓடும் கப்பி. அது ஓடினால் பாய் இறங்கும். பாயின் எடையும் பருமலின் எடையும் கீழ்நோக்கித் துணைசெய்யும். புவியீர்ப்புக்கு எண்ணெய் தேவையில்லை.

அன்னபூரணியைச் சொல்லாமல் இதைக் கடந்துபோக எனக்கு மனமில்லை. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட இந்த 89 அடிப் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் வாங்கினார். பெயர் புளோரன்ஸ் சி. றொபின்சன் என்று மாறியது. 1937இல் இங்கிருந்து புறப்பட்ட கப்பல் 1938 ஓகஸ்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. அதில் சென்ற வல்வெட்டித்துறை மாலுமிகளுக்குத் தலைவர் தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. அது இரு பாய்மரக் கப்பல். முன்மரத்தில் சதுரப் பாய்கள். பின்மரத்தில் நீளவாட்டுப் பெரும்பாய். சதுரப் பாயைச் சுருக்கவேண்டுமானால் ஆள் மேலே ஏறி, பருமலின் மீது வயிற்றைச் சாய்த்து, கையால் துணியை அள்ளி முடிச்சுப் போடவேண்டும். அத்திலாந்திக்கில் இரவில் அதைச் செய்தவர்களின் கைகளை நினைக்கும்போதெல்லாம், ஆளை மரத்தில் ஏற்றாமல் பாயைச் சுருக்க உலகம் ஏன் அவ்வளவு பாடுபட்டது என்பது எனக்குத் தெளிவாகிறது.

அந்தப் பாடு நீண்டது. 1850இல் ஹென்றி கனிங்காம் மேற்பாயைப் பருமலோடு சேர்த்து உருட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1907இல் இங்கிலாந்தின் வைக்கம்-மாட்டின், அணியத்துப் பாயைச் சுருட்டும் சிறிய உருளையைக் கொண்டுவந்தார். அதன் வம்சம் இன்றும் ஓடுகிறது. பெரும்பாயைப் பாய்மரத்தின் உள்ளேயே சுருட்டி ஒளித்துவைக்கும் முறை பரவியது 1970களில். அதை முன்னெடுத்தவர்களில் முதன்மையானவர் மார்பிள்ஹெட் ஊரின் பாய் தைப்பவர் ரெட் ஹூட். 1974இல் அமெரிக்காக் கோப்பையை வென்ற படகின் தலைவரும் அவரே. அன்னபூரணி போய்ச் சேர்ந்த குளொஸ்ரரிலிருந்து மார்பிள்ஹெட் இருபது கிலோமீற்றர் சொச்சம்தான்.

இன்று பெரும்பாயைக் குறைக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. பாய்மரத்தின் உள்ளே நிற்கும் தண்டில் பாயைச் சுருட்டுவது ஒன்று. பாயின் அடியைப் பிடித்திருக்கும் கிடைமரத்துக்குள், அதாவது பூமுக்குள், சுருட்டுவது இன்னொன்று. பாயைப் பாதி இறக்கி, அடிப்பகுதியை மடித்துக் கயிற்றால் பூமோடு இழுத்துக் கட்டுவது மூன்றாவது. கோளாறுகள் வேறு வேறு. ஆனால் மூன்றுக்கும் பொதுவான ஒரு எதிரி உண்டு. அது உராய்வு.

கயிறு இழுபடவில்லை என்றால், கைப்பிடியைச் செருகி, கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சை இன்னும் பலமாகச் சுற்றத்தான் கை போகும். இதைவிடக் கெடுதியான பழக்கம் இந்த விடயத்தில் இல்லை. வின்ச் மனிதக் கையின் பலத்தைப் பல மடங்காக்கும். கயிற்றின் மறுமுனையில் என்ன நடக்கிறது என்ற உணர்வை அதே அளவுக்கு மழுக்கிவிடும். வெறுங்கையால் இழுக்கும்போது துணி மடிந்து சிக்குவது கைக்குத் தெரியும். வின்ச்சில் அது தெரியவரும்போது துணி கிழிந்திருக்கும், அல்லது உள்தண்டு முறுகியிருக்கும். முதலில் கைவிட்டு நிறுத்தவேண்டும். பிறகு விசை எங்கே தொலைகிறது என்று தேடவேண்டும்.

தேடும்போது ஒரு கணக்கு உதவும். சாதாரணக் கப்பி ஒன்றில் கயிறு திரும்பும்போது இழுவிசையில் பத்தில் ஒரு பங்குவரை தொலைந்துவிடலாம். பாய்மரத்தின் அடியிலிருந்து சுக்கானருகே வருவதற்குள் கயிறு ஆறு கப்பிகளைக் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ இழுத்தால் மறுமுனைக்குப் போய்ச் சேர்வது 53 கிலோ. நல்ல குண்டுப் பெயாரிங் கொண்ட கப்பிகளாக இருந்து, ஒவ்வொன்றிலும் 3 வீதம் மட்டுமே தொலைந்தால் 83 கிலோ சேரும். ஆள் அதே ஆள், கயிறும் அதே கயிறு. கப்பியே இல்லாத ஒரு விளிம்பில் கயிறு உரசித் திரும்பினால் நிலைமை இன்னும் மோசம். உராய்வுக் குணகம் 0.25 என்று கொண்டால், 90 பாகை திரும்புவதற்கே ஒன்றரை மடங்கு இழுக்கவேண்டும். 180 பாகைக்கு இரண்டு மடங்குக்கும் மேல். திருப்பங்கள் கூடக்கூட உராய்வு பெருக்கல் கணக்கில் ஏறும். ஆகவே எந்தக் கப்பி கெட்டது என்று ஒரே குற்றவாளியைத் தேடுவது பல வேளைகளில் வீண். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடியிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க மிகச் சுலபமான வழி, படகு கரையில் கட்டியிருக்கும்போது காற்றில்லாத காலை நேரத்தில் கயிற்றைப் பாகம் பாகமாக இழுத்துப் பார்ப்பது. முதலில், சுருட்டுக் கயிறு சுற்றிக்கொள்ளும் உருளைக்குப் பக்கத்தில் நின்று கையால் இழுக்கவேண்டும். அங்கேயே இறுக்கம் என்றால் குற்றம் உருளையிலோ பாயிலோ உள்ளது. அங்கே இலகுவாக ஓடி, சுக்கானருகே மட்டும் இறுக்கம் என்றால் இடையில் உள்ள கப்பிகளும் திருப்பங்களும்தான் காரணம். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்தச் சோதனையைச் செய்யாமல் பாயைக் கழற்றுகிறவர்களும், கயிற்றை மாற்றுகிறவர்களும் உண்டு. காசும் நாளும் போகும். இறுக்கம் அப்படியே இருக்கும்.

உருளையில் வரும் தொல்லைகளில் முதலாவது, கயிறு தன் மேலேயே ஏறிப் புதைந்துகொள்வது. பாயை விரிக்கும்போது சுருட்டுக் கயிறு உருளையில் போய்ச் சுற்றிக்கொள்கிறது. அந்த வேளையில் அதைச் சும்மா விட்டுவிட்டால் தளர்வாகச் சுற்றும். பிறகு பாரம் வந்து இழுக்கும்போது மேற்சுற்று கீழ்ச்சுற்றுகளுக்கு இடையே ஆப்பு அடித்தாற்போல் இறங்கிவிடும். மருந்து எளிது: விரிக்கும்போதும் கயிற்றை ஒரு கை மெல்லப் பிடித்து, இழுப்புக் கொடுத்தபடியே விடவேண்டும். கயிறு உருளையின் நடுவுக்கு நேராகச் செங்கோணத்தில் வந்து சேர்கிறதா என்றும் பார்க்கவேண்டும். மேலே அல்லது கீழே சரிந்து வந்தால் ஒரு பக்கத்திலேயே குவியும். கயிறு தடித்துவிட்டாலும் உருளை நிரம்பி வழியும். பழைய கயிறு தேய்ந்ததென்று ஒரு அளவு தடித்த கயிறு வாங்கிப் போட்டுவிட்டு, இறுக்கத்துக்குக் காரணம் தேடுவது நடக்கக்கூடியதே. பாய் முழுதும் விரிந்தபின்னும், முழுதும் சுருண்டபின்னும் எத்தனை சுற்று மிச்சம் என்று எண்ணிப்பார்த்தால் விடை கிடைக்கும்.

சில படகுகளில் உருளைக்குப் பதிலாக முனையற்ற வளையக் கயிறு பல்வைத்த சக்கரத்தைச் சுற்றும். அங்கே சிக்கல் நேர்மாறானது: கயிறு மெலிந்தால், அல்லது சக்கரத்தின் பற்கள் தேய்ந்தால், இறுகாமல் வழுக்கும். பாய்மரத்தில் பொருத்திய சுருட்டு விசையில் ஒருபக்கம் மட்டும் சுழல விடும் பூட்டு ஒன்றும் உண்டு. அந்தப் பூட்டு போட்டபடியே இருக்க, இரண்டு பேர் சேர்ந்து இழுத்து மூச்சுவாங்குவது அரிதல்ல. ஆகையால் எந்தப் பரிசோதனையும் அந்தப் பூட்டின் சிறிய நெம்பில் தொடங்குவது நல்லது.

இனிப் பாய்மரத்துக்குள் சுருளும் பாய். இதுதான் எல்லாவற்றிலும் நுட்பமானது, அதிகம் குறைசொல்லப்படுவதும் இதுதான். பாய்மரத்தின் பின்புறத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு ஒடுங்கிய பிளவு. அதன் வழியே ஒற்றைத் துணியாக நுழைந்தால்தான் பாய் உள்ளே போகும்; ஒரு மடிப்பு விழுந்தால் இரட்டையாகும்; இரட்டை நுழையாது. ஆகவே மடிப்பு எங்கிருந்து வருகிறது என்பதே முழு விசாரணையும்.

ஆஞ்சான் அளவுக்கு மிஞ்சி இறுகியிருந்தால் பாயின் முன்னோரத்தில் நெடுக்குச் சுருக்கம் விழும். தளர்ந்திருந்தால் குறுக்குச் சுருக்கம். இரண்டும் கெடுதி. பாயின் பின்மூலையை வெளியே இழுத்துப் பிடிக்கும் கயிற்றை முழுதும் விட்டுவிட்டுச் சுருட்டினால் பாய் தொளதொளவென்று சுருண்டு, பருத்து, பிளவுக்குள்ளேயே இறுகி, அடுத்த முறை விரிய மறுக்கும். ஒரு கை சுருட்டுக் கயிற்றை இழுக்க, மறு கை மூலைக் கயிற்றை அளந்து விடவேண்டும். பாய் சுருளும் நேரமெல்லாம் சற்று இறுக்கமாகவே இருக்கவேண்டும். பூமின் உயரமும் கணக்கில் வரும். பூம் தாழ்ந்திருந்தால் பாயின் பின்னோரம் இறுகி அடியோரம் தளரும். உயர்ந்திருந்தால் அடி இறுகிப் பின்னோரம் தளரும். எந்த ஓரம் தளர்கிறதோ அங்கே சுருள் பருக்கும். பாய்மரத்தை வளைக்கும் பின்கம்பிகளை இளக்கி மரத்தை நேராக்குவதும் இதே காரணத்துக்காக. வளைந்த மரத்துக்குள் நேரான தண்டு சுழன்றால் உரசும்.

காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. தண்டு ஒரு திசையில்தான் பாயைச் சுற்றிக்கொள்கிறது. அதற்கு இசைவான பக்கத்திலிருந்து காற்று சற்றே சரிந்து வந்தால் பாய் பிளவின் விளிம்பில் உரசாமல் வழுக்கி நுழையும். மறுபக்கத்துக் காற்றில் விளிம்பிலேயே ஒடிந்து திரும்பும். எந்தப் பக்கம் இசைவு என்பது படகுக்குப் படகு மாறும். மெல்லிய காற்றுள்ள நாளில் இரண்டு பக்கமும் வைத்துச் சுருட்டிப் பார்த்து, இலகுவான பக்கத்தைச் சுக்கானருகே எழுதி ஒட்டிவைத்தால் இருட்டில் உதவும்.

இத்தனையும் சரியாக இருந்தும் சிக்குகிறது என்றால், பாய் கிழமாகிவிட்டது என்று பொருள். பொலியெஸ்ரர் துணி வருடக்கணக்கில் இழுபட்டு நடுவில் பைபோலத் தொங்கும். அந்தப் பை எந்தக் கயிற்றுக்கும் அடங்காது. பாய் தைப்பவரிடம் கொடுப்பதுதான் வழி.

பூமுக்குள் சுருட்டும் முறையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. அதன் உயிர் ஒரு கோணத்தில் இருக்கிறது: பூம் பாய்மரத்தோடு செங்கோணத்துக்குச் சற்றுக் குறைவான, தயாரித்தவர் குறித்த கோணத்தில் நிற்கவேண்டும். ஒரு பாகை பிசகினால் பாய் தண்டின் ஒரு முனைக்கு ஊர்ந்துபோய், முன்னோரக் கயிறு பொதிந்த விளிம்பு குவிந்து சிக்கும். சிக்கினாலும் பாயைச் சாதாரணமாகக் கீழே இறக்கிவிடலாம் என்பது இதன் பெரிய நன்மை.

மடித்துக் கட்டும் முறை பழையது, எங்கள் பருமல் இறக்கும் முறைக்கு நெருங்கிய உறவு. இந்தியக் கடற்படையின் தாரிணிப் படகில் 2024 ஒக்ரோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, 2025 மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பிய தில்னா, ரூபா ஆகிய இரு பெண் அதிகாரிகளின் பெரும்பாயும் இந்த வகைதான். ரூபா புதுச்சேரிக்காரர். தென்பெருங்கடலில் இருவர் மட்டும் சமாளிக்கவேண்டிய படகில் இந்த முறை இருந்தது எனக்கு ஒரு பெரிய சாட்சியம்.

இதிலும் கயிறு இறுகும். பெரும்பாலும் காரணம் வரிசைப் பிசகு. பூமின் தாமானை இளக்கி, பூமைக் கீழே பிடித்திருக்கும் கயிற்றையும் இளக்கி, ஆஞ்சானைக் குறித்த அளவுக்கு இறக்கி, முன்மூலையை மாட்டி, ஆஞ்சானை மீண்டும் இறுக்கி, அதன்பிறகே பின்மூலையின் மடிப்புக் கயிற்றை இழுக்கவேண்டும். பூமைப் பிடித்திருக்கும் கயிற்றை இளக்க மறந்துவிட்டு மடிப்புக் கயிற்றை இழுப்பவர் தன் படகோடு தானே மல்லுக்கட்டுகிறார். பூம் மேலெழ முடியாமல் கயிறு கம்பியாகிவிடும். அடுத்தது கப்பியின் இடம். மடிப்புக் கயிறு பின்மூலையைக் கீழேயும் பின்னேயும் ஒருங்கே இழுக்கும்படி, கப்பி மூலைக்குச் சற்றுப் பின்தள்ளி இருக்கவேண்டும். நேர் கீழே இருந்தால் பாய் தொய்யும், பின்னே இழுபடாது. பூமுக்குள் இரண்டு மூன்று மடிப்புக் கயிறுகள் ஓடுமானால் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்வதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் இருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். நடுவில் உள்ள சிறு கட்டுக் கயிறுகளை இறுகக் கட்டிவிட்டால் பாரம் முழுதும் அந்தச் சிறு கண்களில் விழுந்து துணி கிழியும். அவை தொய்வை ஒதுக்குவதற்கு மட்டுமே.

இவை எல்லாவற்றையும் மோசமாக்குவது உப்பு. கடல்நீர் காய்ந்தால் பெயாரிங் குண்டுகளுக்கிடையே உப்புப் படிகம் நிற்கும். அதோடு மணல் சேர்ந்தால் அரைகல். கிறீஸ் பூசுவது மணலை ஒட்டவைக்கத்தான் உதவும். நன்னீரால் கழுவுவதே சரியான மருந்து, அதுவும் நிறைய. தீவுப்பகுதியில் நன்னீர் எளிதாகக் கிடைப்பதல்ல. சாட்டியின் மணற்படுகைக் கிணறுகள்தான் சுற்றுப்புற ஊர்களுக்கே குடிநீர் கொடுத்து வந்திருக்கின்றன. அந்த நீரைக் குழாயில் பீச்சிக் கப்பி கழுவ எனக்குக் கை வராது. மாரி மழையில் பாயை விரித்துக் காட்டுவது, உருளைக்கும் கப்பிகளுக்கும் ஒரு வாளியை அளந்து ஊற்றுவது என்று செய்தால் போதும். வெயிலும் தன் பங்குக்குக் கயிற்றின் மேலுறையை முள்முள்ளாக்கும். அப்படிச் சொரசொரத்த கயிறு ஒவ்வொரு கப்பியிலும் கூடுதலாக உராயும். உள்நார் நன்றாக இருந்தாலும் மேலுறை தனியே வழுக்கிக் குவியத் தொடங்கினால் கயிற்றை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

நீரிணையின் பெரும்பகுதி 15 மீற்றர் ஆழம்கூட இல்லை. ஆழமில்லாக் கடலில் காற்று எழுப்பும் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்தும் வரும். காற்றை நோக்கி அணியத்தைத் திருப்பி நிதானமாகப் பாயைச் சுருட்ட அந்த அலை விடாது. மூன்றாவது அலையில் படகு நின்றுவிடும். நுட்பமான ஒழுங்கைக் கேட்கும் பாய்மரச் சுருட்டு முறை இந்தக் கடலுக்குப் பொருந்தாது என்பது என் முடிவு. மடித்துக் கட்டும் பாய், அல்லது பருமலோடு இறங்கும் பாய், இங்கே நின்றுபிடிக்கும். 2022இல் மண்ணெண்ணெய் கிடைக்காமல் வடக்கின் படகுகள் கரையில் கிடந்த நாட்களை நாம் கண்டோம். பாய் மீண்டும் ஒருநாள் இந்தக் கரைக்குத் தேவைப்படலாம். அப்போது கடைப் பட்டியலைப் பார்த்து முறையைத் தெரிவுசெய்யாமல், கடலைப் பார்த்துத் தெரிவுசெய்ய இந்த அறிவு கைவசம் இருக்கவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஏற்கெனவே பாய்மரச் சுருட்டுப் பாய் உள்ள படகு கடலில் பாதிப் பாயோடு சிக்கிக்கொண்டால்? இழுப்பதை நிறுத்திவிட்டு முதலில் தாமானை இளக்கிப் பாயிலிருந்து காற்றைக் கழிக்கவேண்டும். மூலைக் கயிற்றை இழுத்து ஓரடி வெளியே எடுத்து, திரும்ப ஓரடி உள்ளே விட்டு, மெல்ல மெல்ல மாறி மாறிச் செய்தால் பல சிக்கல் விடுபடும்; மடிப்பு விழுந்த இடம்வரை திரும்பிப்போய் அதை நேராக்குவதுதான் இதன் சூட்சுமம். எதற்கும் மசியவில்லை என்றால் மூலைக் கயிற்றைப் பாயிலிருந்து கழற்றி, மிச்சமாக உள்ள ஆஞ்சான் ஒன்றின் முனையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பாய்மரத்தைச் சுற்றிச்சுற்றி வந்து, தொங்கும் துணியை மரத்தோடு சேர்த்துச் சுருள்சுருளாகக் கட்டிவிடலாம். பார்க்க அழகாக இராது. ஆனால் காற்றுக்குப் பிடி கிடைக்காது. சோளகத்தில் அப்படிக் கட்டிய படகை ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட கால்வாய்ப் பக்கம் திருப்பி, ஆழம் பார்த்து மெல்ல நுழைந்து, அங்குள்ள கடற்கோட்டையை அண்டி நங்கூரம் போட்டுவிட்டால், காலையில் காற்று எழுமுன் உருளைக்குப் பக்கத்தில் நின்று கையால் இழுத்துப் பார்க்கத் தொடங்கலாம்.